இடம் மாறாத புள்ளி

தொலைநோக்கியின் மற்ற எந்த ஒளி வடிகட்டியிலும் தெரியாத ஒரு புள்ளி, கடைசிச் சிவப்பு வடிகட்டியில் மட்டும் தெரிந்தது.

ஷிஹோரி திரையை நோக்கிக் குனிந்தாள். ஆய்வகத்தின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத அறையில், ஈரக் குடையின் நாற்றத்துக்கும் பார்லித் தேநீரின் வாசனைக்கும் நடுவே தனியாக உட்கார்ந்திருந்தாள். மேலே டோக்கியோவில் மழைக்காலக் காலை. அவள் இங்கிருந்தே இயக்கும் தொலைநோக்கி நிற்கும் சிலி மலையில் இரவு. இவ்வளவு சிவந்த ஒளி என்றால், பிரபஞ்சம் குழந்தையாக இருந்தபோது கிளம்பியது. இதுவரை யாரும் பார்த்திராத விண்மீன் மண்டலம். மார்ச்சோடு முடியப்போகும் அவளுடைய ஒப்பந்த வேலையை இது ஒன்றுதான் காப்பாற்றும்.

"ஓகாவாரா-சான், தெரியுதுங்களா?"

"தெரியுது, தெரியுது. குதிக்காதே. பேயா இருக்கப்போவுது," என்று மலையிலிருந்த மூத்தவர் ஒலிபெருக்கியில் சிரித்தார். கேமராவில் தங்கிவிடும் பழைய ஒளிக்கு அவர்கள் வைத்த பெயர் அது. "தொலைநோக்கிய கொஞ்சம் நகத்து. வானத்துல இருக்கறதுன்னா கூடவே நகரும். பேய்னா அங்கேயே நிக்கும்."

நகர்த்தினாள். நட்சத்திரங்கள் எல்லாம் ஒதுங்கின. புள்ளி நின்றது. சற்றுப் பெரிதாகவும் இருந்தது.

"பேயேதான். மூடியப் போட்டு இருட்டுப் படம் எடு, மங்கிடும். நான் சூப் குடிச்சிட்டு வரேன்."

மூடினாள். இருட்டு மட்டுமே வரவேண்டிய படத்தில் அது இன்னும் பெரிதாக வந்தது. அடுத்ததில் அதற்குத் தோள்கள் இருந்தன. மேலிருந்து பார்த்த மேசை. நாற்காலி. அதில் ஒருத்தி. உடல் சூடு வெள்ளையாக, ஆறிப்போன கோப்பை கறுப்பாக.

அவளுடைய கோப்பை.

அது வளரவில்லை, நெருங்குகிறது என்று புரிந்தது.

"ஓகாவாரா-சான்! வாங்களேன், பயமா இருக்கு!"

இரைச்சல் மட்டுமே வந்தது.

கதவுக்கு ஓடி அடையாள அட்டையைப் பூட்டில் தேய்த்தாள். சிவப்பு விளக்கு. மறுபடியும் சிவப்பு. தட்டினாள், கத்தினாள். பின்னால் பெரிய திரையில் அடுத்த படம் விழுந்தது. நாற்காலி காலி. உருவம் கதவோரம். வானத்தோடு நகராதது அவளோடு நகர்ந்திருந்தது.

திரும்பி ஓடிப் படமெடுப்பதை நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். நிற்கவில்லை.

அடுத்த படம். கூந்தல். வகிடு. திரை முழுக்க.

மேலே பார்க்கக் கூடாது. பார்க்கவே கூடாது.

அடுத்த படம். வெளுத்த உச்சந்தலையில் நீளமான கறுப்பு விரல்கள் பதிந்திருந்தன. அவளுக்குத் தலையில் குளிர் உறைத்தது அதற்குப் பிறகுதான்.