வண்டியே பாத்துக்கும்

பக்கத்து சீட்டில் யாருமில்லை. ஆனாலும் பெல்ட் போடச் சொல்லி வண்டி டிங், டிங் என்று விடாமல் கத்தியது.

திருப்பதியில் சவாரியை இறக்கிவிட்டு, மாந்தோப்புகளுக்குப் பின்னால் பொழுது சாய்வதைப் பார்த்தபடி சித்தூர் ரோட்டில் திரும்பிக்கொண்டிருந்த தணிகைவேல், ஒரு கையை நீட்டி அந்த சீட்டைத் தடவினான். ஈரம். ஏசி காற்றில் வாடிய துளசியும் அரைத்த மஞ்சளுமாக ஒரு வாடை.

போன் அடித்தது. மனைவி யாமினி. "எங்க கீற? கொழந்த பிரித்திகா உன் வண்டிய பாக்கணும்னு ரோட்டாண்டயே நின்னுக்கினு கீறா. பாத்து வா."

"நான் எதுக்குடி பாக்கணும்? வண்டியே பாத்துக்கும்."

பழக்கத்தில் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். போன மாதம் இதே ரோட்டில் அந்த நம்பிக்கையில்தான் ஸ்டீரிங்கை விட்டுவிட்டுப் போனை நோண்டினான். ஆள் குறுக்கே வந்தால் தானே பிரேக் போடும் வண்டி. அதற்கென்று முன்கண்ணாடியின் உச்சியில் ஒரு கேமரா. பூஜை போட்ட அன்று சரியாக அதன் மேலேயே பெரிய நாமத்தை ஒட்டினான். தடுத்த ஷோரூம் ஆளிடம், "சாமிய வுட கேமரா பெருசாய்யா?" என்று சிரித்தான். மலைக்கு வெறுங்காலோடு நடந்துபோன கிருஷ்ணம்மாவை வண்டி பார்க்கவே இல்லை. அடிபட்டு விழுந்து கிடந்தவள் கையை நீட்டிக் கூப்பிட்டாள். பாவி, இறங்காமல் பறந்துவிட்டான். ரத்தம் வடிந்தே செத்தாள் என்று மறுநாள் பேப்பரில் பேரோடு வந்தது.

நாமத்தை அப்போதே சுரண்டி எடுத்துவிட்டான். இனி வண்டி எல்லாவற்றையும் பார்க்கும் என்று நம்பினான்.

கிளிக்.

பக்கத்து பெல்ட் தானே மாட்டிக்கொண்டது. சத்தம் நின்றது. பெல்ட் சீட்டில் படியவில்லை. புடைத்து நின்றது. மெல்ல ஏறி இறங்கியது.

பிரேக்குக்குக் காலைத் தூக்கினான். வரவில்லை. ஆக்சிலேட்டரில் இருந்த அவன் பாதத்தின் மேல் இன்னொரு பாதம். வெடித்த குதிகால். மெட்டி. சில்லிட்டது. அழுத்தியது.

ஸ்டீரிங்கை ஒடித்தான். அசையவில்லை. வீடு நெருங்கிவிட்டது.

"தாயே, என்னை எடுத்துக்க! கொழந்தைய வுட்டுடு!"

காதோரம் குரல் கேட்டது. "ஏன் நைனா பயந்துக்கினு? வண்டியே பாத்துக்கும்."

தூரத்தில் பிரித்திகா. அப்பாவின் வண்டியைக் கண்டதும் கையை ஆட்டிக்கொண்டு நடுரோட்டுக்கு ஓடிவந்தாள்.

வண்டியின் திரையில் பச்சை விளக்கு. முன்னால் யாருமில்லை என்றது.

கண்ணாடியின் உச்சியில், கேமராவைப் பொத்தியபடி, மஞ்சள் பூசிய ஒரு கை.