முழங்காலளவு மூடுபனி

துபாய் மிர்திஃபில் அந்த வில்லா வாசலில் பிக்கப் வண்டி வந்து நின்றபோது பிற்பகல் அஸர் பாங்கு சொல்லி முடித்திருந்தார்கள். வண்டியின் பின்னால் ஒரு பழைய மீன் பெட்டி, மூட்டை மூட்டையாக ஐஸ், ஏசி வேலையில் மிச்சப்பட்ட வெள்ளி டக்ட் குழாய். முன்சீட்டில், புகை மெஷினைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பனியடிமை.

"இறங்கும்வே. பேருக்கேத்த வேலை இப்பத்தான் வந்துருக்கு" என்றார் டிரைவர் செய்கு அலாவுதீன். மேலப்பாளையத்துக்காரர். வாயை மூடினால் வண்டி நின்றுவிடும் என்று நம்புகிறவர்.

அந்தப் பெயர் தூத்துக்குடி பனிமய மாதா கொடுத்தது. அவருடைய ஊரான பெரியதாழையில் தெருவுக்கு ஒரு பனியடிமை உண்டு. துபாயில் அதற்கு அர்த்தம் சொல்லப்போய்த்தான் கம்பெனி முழுக்க 'பரஃப் பாய்', அதாவது ஐஸ் அண்ணன், ஆனார். ஏசி மெக்கானிக்குக்குப் பொருந்துகிற பெயர்தானே என்று அவரும் விட்டுவிட்டார். ஊரான் வீட்டை எல்லாம் குளிரவைக்கிறவர் தங்கியிருக்கும் முவைலா ரூமில் ஏசி ரிப்பேர். சரிபண்ண ஆள் கிடைக்கவில்லை என்று ரூம்காரர்கள் அவரிடமே வந்து புலம்புவார்கள்.

கேட்டைத் திறந்தது அருணா மேடம். கோயம்புத்தூர்.

"வாங்கண்ணா. ஹாலோவீன்னு பசங்க காலையிலிருந்து பேயா அலையறாங்க. நான் சொல்றது நெசப் பேயிங்க, மூஞ்சி பூரா பெயிண்ட்டு."

தோட்டத்தில் பிளாஸ்டிக் எலும்புக்கூடு ஒன்று பேரீச்சை மரத்தில் சாய்ந்து நின்றது. வேலி நெடுக பஞ்சில் செய்த சிலந்திவலை. மூன்று பக்கமும் மதில், நடுவே புல்தரை. அங்கங்கே நட்டுவைத்த தெர்மாகோல் கல்லறைகள்.

"போன வருசமும் புகை போட்டோமுங்க. அது மேல மேல போயி, பக்கத்து வில்லாக்காரரு ஃபயர் சர்வீசுக்கு ஃபோனே பண்ணிட்டாருங்க. இந்த வருசம் அது தரையிலயே தவழோணும். முழங்காலுக்கு மேல வரக்கூடாது. ஆகுமுங்களா?"

"ஆகும் மேடம். புகையக் குளுரவச்சா கனம் கூடிப்போவும், எந்திரிக்காது. இது பேய்க்கு வச்ச ஏசி."

மேடம் சிரித்தார். பனியடிமையும் சிரித்தார். பெட்டிக்குள் கம்பி வலையைப் பொருத்தி, அதன்மேல் ஐஸை அள்ளிப் போட்டார். மேலே ஒரு பக்கம் புகை நுழைய ஓட்டை, அடியில் மறுபக்கம் அது வழிந்து வெளியேற வாய். அஜ்மான் மீன்துறையில் வாங்கிய பெட்டி அது. எத்தனை தரம் கழுவியும் வாடை விடவில்லை.

அப்போது ஃபோன் அடித்தது. தம்பி ஜெகினின் மனைவி டெல்பின்.

"பெரியத்தான், சாப்ட்டியளா?"

"ஆச்சும்மா. பிள்ளை பள்ளிக்கூடம் போனாளா?"

"போனா. பெரியத்தான், ரெண்டாந்தேதி கல்லறத் திருநாளு. உங்க தம்பிக்குப் பூசைக்குப் பேர் குடுக்கவான்னு சாமியாரு கேட்டுவிட்டாரு. எங்க வீட்ல எல்லாரும் குடுன்னுதாவ. நீங்க சொன்னாக் குடுக்கேன். நீங்கதான் அந்தக் கடலுகிட்ட இருக்கிய. அவுக இல்லன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. நான் நம்பிக்கிடுதேன்."

"விசாரிச்சுச் சொல்லுதேன்மா."

"இன்னும் யார்ட்ட பெரியத்தான் விசாரிப்பிய?"

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டார். மேடம் வீட்டு வைஃபை தலைக்கு மேலேயே பச்சை விளக்கில் மினுக்கிக்கொண்டிருந்தது.

போன தை மாதம், விடிகாலை மூடுபனியில், அஜ்மான் துறையிலிருந்து ஜெகின் வேலைக்குப் போன மீன்பிடிப் படகு எதிலோ இடித்துக் கவிழ்ந்தது. நாலு பேரில் மூன்று பேரை உயிரோடு எடுத்துவிட்டார்கள். அந்த மூன்று பேரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: ஜெகின் நீந்திக்கொண்டிருந்தான், நாங்கள் பார்த்தோம், அப்புறம் பனி மூடிவிட்டது. உடல் கிடைக்கவில்லை. உடல் இல்லாததால் கல்லறை இல்லை. டெல்பின் தாலியும் கழற்றவில்லை. பனியடிமை அன்று முதல் விசாரித்துக்கொண்டிருக்கிறார். துறைமுகம், ஆஸ்பத்திரி, ஜெயில்கூட. ஜெயிலில் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைக்கிற அண்ணன் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

"அண்ணா, நான் பசங்களக் கூட்டிட்டு எதுத்த வில்லா வரைக்கும் போயிட்டு வந்தர்றேனுங்க" என்றார் மேடம். "அந்த ஒரு கல்லுல மட்டும் பேரு எழுதல பாருங்க. பெயிண்ட் அங்கயே இருக்குது. தமாசா ஏதாச்சும் எழுதிப்போடுங்க."

மற்ற கற்களில் பிள்ளைகள் ஆங்கிலத்தில் என்னவோ எழுதியிருந்தார்கள். படித்தால் சிரிப்பு வரவேண்டும்போல. பனியடிமை பிரஷ்ஷும் கையுமாக உட்கார்ந்தார். கல்லறையில் எப்படித் தமாஷ் பண்ணுவது? அவருக்குத் தெரிந்த கல்லறை ஒரே தினுசு. முதலில் சிலுவை போட்டார். கை பழக்கத்தில் போட்டுவிட்டது. சிலுவை போட்டபின் விளையாட்டு எழுத முடியவில்லை.

'ஜெகின்' என்று எழுதினார்.

பிறப்பு எழுதினார். இறப்பு என்று எழுதி இரண்டு புள்ளி வைத்தார். பிரஷ் அங்கேயே நின்றுவிட்டது. படகு கவிழ்ந்த நாள் தெரியும். பெரியதாழையில் அவன் அளவுக்கு நீந்தத் தெரிந்தவன் கிடையாது. எந்த நாள் வரைக்கும் நீந்தினான் என்று யாரைக் கேட்பது?

அதை வெறுமையாக விட்டு, கீழே 'இவருக்காக வேண்டிக்கொள்ளுங்கள்' என்று எழுதி முடித்தார். கல்லின் அடியில் குச்சி செருகி, மற்ற கற்களோடு நட்டார். முன்னால் வைக்க மெழுகுதிரி இல்லை. அலங்காரத்துக்கு வாங்கிய பேட்டரி மெழுகுதிரி ஒன்று கிடந்தது. பொத்தானைத் தட்டி வைத்தார்.

"சீனா மெழுகுதிரிதாம்லே. கோவிச்சிக்கிடாத" என்றார் கல்லைப் பார்த்து.

மக்ரிப் பாங்கு கேட்டது. அலாவுதீன் தொப்பியை மாட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குக் கிளம்பினார். "ஒரு தடவ ஓட்டிப் பாரும். நான் வாறதுக்குள்ள துபாய மறைச்சிராதீரும்வே."

தோட்டத்தில் வேறு யாரும் இல்லை. வெளிச்சம் மதிலுக்கு அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. காற்று துளிகூட இல்லை. புல்லுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டுப் பனியடிமை சுவிட்சைப் போட்டார்.

மெஷின் இருமியது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பெட்டியின் அடிவாயிலிருந்து வெள்ளையாக, கனமாக, ஓசையே இல்லாமல் அது வழிய ஆரம்பித்தது. மேலே எழும்பவில்லை. புல்லைத் தடவிக்கொண்டு போய் மதிலில் முட்டித் திரும்பி, நாலாபக்கமும் சமமாக ஏறியது. கணுக்கால். கெண்டைக்கால். முழங்காலுக்கு வந்ததும் நின்றது. கல்லறைகள் பாதி முங்கி, தலை மட்டும் தெரிந்தன.

அருமையான வேலை. தன்னைத்தானே தட்டிக்கொடுக்கலாமா என்று யோசித்தார்.

அப்போதுதான் வாசம் மாறியது.

புகைத் திரவத்துக்கு ஒரு தித்திப்பு வாசம் உண்டு. அது போய்விட்டது. டீசல் வாசம். நனைந்த கயிற்றின் வாசம். பெட்டி வாடையாக இருக்கும் என்று நினைத்தார். நினைத்துக்கொண்டே, கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டார்.

சளப்.

தோட்டத்தின் அந்தக் கோடியில். தண்ணீரைக் கை அடிக்கிற சத்தம்.

சளப்... சளப்...

அங்கே தண்ணீர் இல்லை. புல்தான் இருந்தது.

மதிலோரம் பனி இரண்டாகப் பிளந்து, கோடு கிழித்ததுபோல் முன்னால் வந்தது. கோட்டின் இரண்டு பக்கமும் மெல்லிய அலை விரிந்து கல்லறைகளில் மோதியது. வருவது எதுவானாலும் முழங்காலுக்குக் கீழேதான் வந்துகொண்டிருந்தது.

ஒரு கை மேலே வந்தது. விழுந்தது.

இன்னொரு கை.

நீல முழுக்கைச் சட்டை. பனியடிமையின் பழைய டூட்டி சட்டை. கடலில் குளிருக்குத் தாங்கும் என்று அவரே தம்பிக்குக் கொடுத்தது. நனைந்து, கையோடு ஒட்டியிருந்தது.

தலை தெரியவில்லை. கை மாறி மாறி எழுந்தது. ஒவ்வொரு தடவையும் முன்னைவிட மெதுவாக எழுந்தது.

ஓட வேண்டும் என்று பனியடிமைக்குத் தோன்றியது. கால் ஓடவில்லை. வாய்தான் தானாகத் திறந்தது.

"லே... ஜெகின்..."

கை எழுந்தது. விழுந்தது.

"எந்திரிலே. முட்டளவுதாம்லே இருக்கு. நில்லுடே. கால ஊனுடே, நின்னுரலாம்."

கைக்குக் காது கேட்கவில்லை. அது துழாவியது. ஆங்கிலக் கல்லறை ஒன்றைத் தொட்டுத் தவறவிட்டது. அடுத்த வீச்சில் ஜெகினின் கல் அகப்பட்டது.

கடலில் தத்தளிக்கிறவன் பெயரைப் படித்துக்கொண்டிருப்பானா? மிதக்கிறது எதுவோ அதைப் பிடிப்பான். தெர்மாகோல் மிதக்கும். இரண்டு கைகளும் அந்தக் கல்லை நெஞ்சோடு சேர்த்து அணைத்தன. நகம் பதியப் பதிய அது கிறீச்சிட்டது. குச்சியைப் பிடுங்கிக்கொண்டு கல் பனியின்மேல் மிதந்தது. ஒரு பக்கம் சரிந்தது. முங்கியது.

பனியடிமை உள்ளே பாய்ந்தார். முழங்காலைக் குத்தி, இரண்டு கையாலும் வெள்ளையை வாரினார். முகத்தை உள்ளே விட்டார். குளிர், அப்படி ஒரு குளிர். "பிடிலே, கையப் பிடி, அண்ணன் இருக்கேன், கையக் குடு..."

மெஷின் சூடேற்றிக்கொள்ள நின்றது. பனி மெலிந்தது. புல் தெரிந்தது. புல்லின்மேல் நாலு காலில் நிற்கிற ஐம்பது வயது ஆள் ஒருவர் தெரிந்தார். அவருக்கு முன்னால், குப்புற, அந்தக் கல்.

"அய்யோ, சூப்பருங்கண்ணா!"

கேட்டில் அருணா மேடம். கைதட்டிக்கொண்டு நின்றார்.

"அந்தக் கை வந்துச்சு பாருங்க, எனக்கு உசுரே போயிருச்சு. உள்ளார ஆரைங்க படுக்க வெச்சீங்க? அலாவுதீன் அண்ணனுங்களா?"

"நான் இங்கல்லா நிக்கேன்" என்றார், பள்ளியிலிருந்து வந்து அவருக்குப் பின்னால் நின்ற அலாவுதீன்.

மேடத்தின் கை தட்டியபடியே நின்றது. பார்வை புல்தரை முழுக்க ஒரு சுற்றுச் சுற்றி வந்து கல்லில் நின்றது. அருகே வந்து அதைத் திருப்பினார். ஈரம் சொட்டியது. சிலுவையின் இரண்டு பக்கமும் விரல் புதைந்த பள்ளங்கள். மெல்லப் படித்தார்.

"ஜெகின்... இது ஆருங்கண்ணா?"

"என் தம்பி மேடம். தமாசா எழுதச் சொன்னிய. எனக்குத் தமாசு வரல."

 மேடம் துப்பட்டாவால் அந்தக் கல்லைத் துடைத்தார். எழுத்து அழிந்துவிடாமல், ஓரம் ஓரமாக.

"இத இங்க வெக்க வேண்டாமுங்க. பசங்க ஓடியாடி மிதிச்சுப்போடுவாங்க. நீங்க எடுத்துக்கங்க." தயங்கினார். "புகை..."

மெஷினின் சிவப்பு விளக்கு பச்சையாகியிருந்தது. சூடேறிவிட்டது. பெட்டியில் இன்னும் பாதி ஐஸ் இருந்தது. சுவிட்சைப் போட்டால் மறுபடி முழங்கால் வரை ஏறும். அவன் வருவான். ஐஸ் கரையும்வரை பார்த்துக்கொண்டிருக்கலாம். ஐஸ் வாங்க எத்தனை நேரமாகும்? தினம் வாங்கலாம். தினம் பார்க்கலாம்.

தினம் அவன் முங்குவான்.

"மெஷின் போயிருச்சு மேடம். ஹீட்டர் காயில் எரிஞ்சிட்டு."

பச்சை விளக்கை மேடமும் பார்த்தார். அலாவுதீனும் பார்த்தார். "எரிஞ்ச வாடை எனக்கே அடிக்கி" என்றார் அலாவுதீன். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அதற்குமேல் ஒன்றும் பேசாமல் போய் பிளக்கைப் பிடுங்கினார்.

"போச்சாதுங்க, உடுங்க" என்றார் மேடம். "புகை இல்லாட்டி என்னங்க."

பனியடிமை பெட்டியைக் கவிழ்த்து ஐஸை வேலியோரம் கொட்டினார். கல்லை வண்டியில் ஏற்றவில்லை. மதிலுக்கு வெளியே, மணலில், அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தெருவில் பிள்ளைகள் மந்திரவாதியாகவும் பூனையாகவும் சிரித்துக்கொண்டு போனார்கள். அவர்கள் திருப்பம் தாண்டும்வரை காத்திருந்து ஃபோனை எடுத்தார்.

முதல் மணியிலேயே எடுத்தாள்.

"டெல்பின்."

"சொல்லுங்க பெரியத்தான்."

"சாமியாருட்ட பேரு குடுத்துரும்மா."

கல்லில் பதிந்த பள்ளத்தில் விரலை வைத்துக்கொண்டார்.

"விசாரிச்சிட்டேம்மா. அவன் இல்ல. ரொம்ப நீந்திட்டான். பூச வையி. அவன் நிக்கட்டும்."

அழுவாள் என்று காத்திருந்தார். ஒன்பது மாதமாக அந்த அழுகைக்குப் பயந்துதான் சிக்னலைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். வரவில்லை.

"பெரியத்தான்" என்றாள் டெல்பின், மிகத் தணிந்த குரலில். "உங்க பக்கத்துல யாரு?"

"யாருமில்லம்மா. தனியாத்தான் இருக்கேன்."

"இல்ல. யாரோ மூச்சு வாங்குதாவ. ரொம்ப தூரம் நீந்திட்டுக் கரையேறுனவுக மாதிரி."

பனியடிமை மூச்சை அடக்கிக்கொண்டார்.

அவர் அடக்கிய பிறகும் அந்த மூச்சு கேட்டது.

இடது பக்கம். காதுக்கு வெகு அருகில். ஈரமாக, இரைந்து, விட்டு விட்டு.

திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடுவான் என்று தோன்றியது. ஃபோனைக் காதிலிருந்து எடுத்து, இடது பக்கம் வெறுங்காற்றில் நீட்டிப் பிடித்தார்.

பெரியதாழையிலிருந்து சின்னதாக ஒரு குரல் வந்தது.

"ஏங்க... கரைக்கு வந்துட்டியளா?"

மூச்சு ஒரு கணம் நின்றது, கேட்பதற்காக.