கணக்கு உரிமையாளர் மட்டும்

கடைசியாக இந்தக் கணக்கு பயன்படுத்தப்பட்டது: இன்று, பகல் 1.40, மட்டாஞ்சேரி. போன் திரையில் அப்படித்தான் போட்டிருந்தது. அருண்பாண்டி அதை இரண்டு முறை படித்துவிட்டு, "லூசு மிஷின்" என்றான். கணக்கு அவன் மனைவி அமுதவள்ளியுடையது. அவள் செத்து முப்பத்தொன்பது நாளாகிறது.

காலையிலிருந்து கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததில் கணக்கு பூட்டிக்கொண்டது. தன் பெயர், தன் பிறந்த நாள், தன் அம்மா பெயர். அந்த அசடுக்கு வேறு எதை வைக்கத் தெரியும்? எதுவுமே ஒத்துவராதது அவனுக்கு எரிச்சலாக இருந்தது, கொஞ்சம் அவமானமாகவும். மெயில் பார்ப்பதெல்லாம் வெட்டிப் பொம்பளை வேலை என்று தனக்கென ஒரு முகவரிகூட வைத்துக்கொள்ளாதவன் அவன். கத்தார் வேலைக்கான விசா அவள் மெயிலுக்குத்தான் வந்திருந்தது. ஐந்து மணிக்குள் அதைப் பிரிண்ட் எடுத்து எர்ணாகுளத்து ஏஜென்சியில் கொடுக்காவிட்டால் அந்த இடம் வேறொருவனுக்கு. இந்தச் சுக்கு கோடவுன் வேலையும் இந்தத் தூசியும் இந்த வீடும் ஆயுசுக்கும் அவனுக்கு.

வழக்கமாகப் பயன்படுத்தும் சாதனத்திலிருந்து முயலவும் என்றது போன். அவளுடைய லேப்டாப் அடைப்பு அறையில் இருந்தது.

அவள் செத்தது சதய நட்சத்திரத்திலாம். உயிர் போன அறையை ஆறு மாதம் அடைத்து வைக்க வேண்டுமாம். மாமியார் சீனியம்மாள் விருதுநகரிலிருந்து வந்து, ஊரைக் கூட்டி அழுது, ஒரு சாமானையும் எடுக்கவிடாமல் அறையைப் பூட்டி, சாவியை மருமகனை நம்பித் தராமல் கீழ்வீட்டு முஸ்லிம் அக்கா சுல்ஃபத்திடம் கொடுத்துவிட்டுப் போனாள். படிக்காத ஜனங்கள்.

"ஆறு மாசம் கழியாம திறக்கக்கூடாதுன்னு உங்க மாமியா சொல்லிட்டுப் போயிருக்காங்க" என்றாள் சுல்ஃபத். "எங்க ஆளுங்கள்ல அதொண்ணும் இல்ல தம்பி. ஆனா ஏத்த வாக்கு ஏத்ததுதானே?"

"லேப்டாப்ல ஒரு பேப்பர் எடுக்கணும் இத்தா. ரெண்டு நிமிஷம்."

அவள் சாவியைத் தந்தாள். "நேத்து முழுக்க இருமிட்டே இருந்தீங்களே, பால் விடாம ஒரு கட்டஞ்சாயா போட்டுத் தரட்டா?"

அவன் இருமவில்லை. "வேண்டாம்" என்று படியேறினான்.

பூட்டைக் கழற்றும்போது விரல் வெளித்தாழ்ப்பாளில் பட்டது. அவள் செத்த ராத்திரி கூடத்து டிவியில் கால்பந்து ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. உள்ளே அவள் மூச்சிரைத்து, இருமி, அவன் பெயரைச் சொல்லி, மறுபடி இருமி. எழுந்துபோய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டினான். இடைவேளைக்குள் இருமல் நின்றுவிட்டது. நாடகம் முடிந்தது என்று அப்போது நினைத்தான். காலையில் தாழை எடுத்துவிட்டுத்தான் ஆட்களைக் கூப்பிட்டான். அது யாருக்கும் தெரியாது.

உள்ளே சுக்குத் தூசியும் தைல வாசமும் மழைக்கால ஈரமும் சேர்ந்து, வெகுநாள் திறக்காத டிரங்குப் பெட்டிபோல அடித்தது. ஜன்னல் பலகைகளின் இடுக்கில் மத்தியான வெளிச்சம் கோடு கோடாக விழுந்தது. கீழே, பக்கத்துக் கோடவுனில் மூட்டை இறக்கும் சத்தம், தூரத்தில் காயலில் படகின் ஹாரன். மேசையில் லேப்டாப் சார்ஜரோடு திறந்தே இருந்தது. திரை எரிந்துகொண்டிருந்தது. அணைத்து வைக்கக்கூடத் துப்பில்லாதவள் என்று முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தான்.

உங்கள் முகத்தைக் காட்டி உறுதிசெய்யவும் என்றது திரை.

இதைத்தான் அவன் எதிர்பார்த்தான். கூடத்தில் மாலை போட்டிருந்த அவள் படத்தைக் கழற்றி வந்து கேமரா முன்னால் பிடித்தான். புகைப்படம் ஏற்கப்படாது. ரொம்பத்தான். படத்தைக் குப்புறப் போட்டான்.

இரண்டு முகங்கள் தெரிகின்றன. கணக்கு உரிமையாளர் மட்டும் இருக்கவும்.

திரையில் அவன் முகத்தைச் சுற்றி ஒரு பச்சை வளையம். பின்னால் கட்டிலின் மேல், தலையணைக்கு நேராக, இன்னொன்று. திரும்பிப் பார்த்தான். சுருட்டிய மெத்தை. எண்ணெய்க் கறை படிந்த தலையணை. வேறொன்றும் இல்லை.

"செத்தும் என் உயிர வாங்குறா" என்று சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. இந்த மிஷினின் லட்சணத்தைப் பார்த்துவிடலாம் என்று நாற்காலியை ஓரமாக நகர்த்தி, கேமராவில் படாமல் ஒதுங்கி உட்கார்ந்தான்.

அவனுடைய வளையம் மறைந்தது. மற்றது அப்படியே இருந்தது.

நன்று. சற்று அருகில் வாருங்கள்.

வளையம் பெரிதானது. அவன் அசையவில்லை. கட்டில் கிறீச்சிட்டது. ஒரே ஒரு தரம்.

இன்னும் அருகில்.

தைல வாசம் கூடியது. பயமாக இருந்தது, அவனுக்கே அது கேவலமாகப் பட்டது. ஒரு கம்ப்யூட்டருக்கா பயம்? அவளுக்கா? அவளுக்கு அவன் எதற்குப் பயந்திருக்கிறான்? எழுந்திருக்க நினைத்தான். விசா வந்துவிடட்டும் என்று நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டான்.

தலையை இடப்பக்கம் திருப்பவும்.

இடப்பக்கம்தான் அவன் இருந்தான்.

டிக் குறி விழுந்தது.

கண் சிமிட்டவும். டிக்.

வாயைத் திறக்கவும்.

காதருகே யாரோ மூச்சை இழுத்தார்கள். நீளமாக. போதாத மூச்சு. டிக்.

உறுதி செய்யப்பட்டது. வருக, அமுதவள்ளி.

மெயில் திறந்தது. முதல் வரியிலேயே விசா. அவன் பெயர். அவன் பாய்ந்து சுட்டியைப் பிடித்த நேரத்தில், தைல வாசம் அவனைத் தாண்டி வாசல் பக்கம் போனது.

கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

"வள்ளி" என்றான். கல்யாணமான பன்னிரண்டு வருடத்தில் இல்லாத குரல். கூரையிலிருந்தோ கட்டிலிலிருந்தோ சுக்குத் தூசி வெளிச்சக் கோடுகளில் மிதந்து இறங்கியது. தொண்டை அரித்தது. ஒரு இருமல். இன்னொன்று. பிறகு நிற்கவில்லை. கதவைத் தட்டினான். சுல்ஃபத்தைக் கூப்பிட வாயெடுத்தான். இருமல்தான் வந்தது.

கூடத்தில் டிவி போடும் சத்தம் கேட்டது. கால்பந்து. ஆள்கூட்டத்தின் இரைச்சல்.

அவன் இரும இரும, வெளியே யாரோ சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள்.