உண்டியலில் பூச்சி உருண்டை வாசனை

போன் அலறியது.

குழந்தைகள் இல்லத்தின் பொருளாளர் பாய்ந்து எடுத்தார்.

"சார்... உண்டியல் மறுபடியும் நிரம்பியிருக்கு."

ஆடிட்டரின் குரல் நடுங்கியது.

பதறாதீர்கள் கண்மணிகளே! மற்ற இடங்களில் பணம் காணாமல் போனால் வில்லங்கம். இங்கே பணம் வந்ததுதான் வில்லங்கம்! வருடத்துக்கு வருடம் நன்கொடை வற்றிக்கொண்டே வந்தது. வாசல் உண்டியல் மட்டும் மாதாமாதம் கொழுத்தது.

"கொடுத்தவர் கையெழுத்து இல்லேன்னா கறுப்புப் பணம்னு இல்லத்தையே மூடிடுவாங்க சார். பிள்ளைங்க திசைக்கொண்ணா போயிடும். இன்னொண்ணு... நோட்டெல்லாம் பூச்சி உருண்டை வாசனை."

பொருளாளருக்கு நிரந்தர மூக்கடைப்பு. அவருக்கு ஏது வாசனை?

ஊரெல்லாம் கையேந்துவார். தன் பையிலிருந்து தம்பிடி போட்டதில்லை. மனைவிக்குத் தெரியாமல் தனியே பணம் சேர்த்தார். அதில் கொஞ்ச நாளாகத் துண்டு விழுந்தது. யாரிடம் புலம்ப? வாயைத் திறந்தால் குட்டு உடையும்!

அன்று மதியம். பிள்ளைகள் தூங்கும் நேரம். உண்டியல் இருந்த மேஜைக்கு அடியில் மூச்சைப் பிடித்துப் பதுங்கினார்.

காலடிச் சத்தம்...

ஒரு கை உண்டியலை நோக்கி நீண்டது.

லபக்கென்று பிடித்தார்.

வளையல்!

அவரே வாங்கிக் கொடுத்த வளையல்!

"விடுங்க, வலிக்குது" என்றாள் அவர் மனைவி.

"நீயா? உனக்கேது இவ்வளவு பணம்?"

"பீரோவுல உங்க கல்யாணக் கோட்டு இருக்கில்ல... அதோட உள்பையில."

பொருளாளர் ரகசியமாகச் சேர்த்துவந்த அதே பை!

கதவுக்குப் பின்னாலிருந்து ஆடிட்டர் வந்தார். போனில் அவர் குரல் நடுங்கியது பயத்தில் அல்ல, அடக்கிய சிரிப்பில்! பொருளாளரின் மனைவி எல்லாவற்றையும் அவரிடம் முன்பே சொல்லிவிட்டாளாம்.

"திருட்டுன்னு புகார் குடுத்தா இல்லம் மூடும் சார். நீங்க குடுத்த நன்கொடைன்னு கையெழுத்துப் போட்டா பிள்ளைங்க இங்கேயே இருப்பாங்க."

பேனாவை நீட்டினார்.

அடுத்த அறையில் ஏதோ ஒரு வாண்டு தூக்கத்தில் சிரித்தது. பொருளாளர் அந்தப் பக்கம் பார்த்தார். கோட்டுப் பையை நினைத்தார். மறுபடி அந்தப் பக்கம் பார்த்தார்.

போட்டார் கையெழுத்தை!

மனைவி முந்தானையால் அவர் நெற்றி வியர்வையைத் துடைத்தாள்.

"அடுத்த மாசத்திலேர்ந்து நேரா உண்டியல்லயே போட்டுடுங்க. பூச்சி உருண்டைச் செலவாவது மிச்சம்."