ஆடி கழியட்டும்

ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து வந்திருந்த கொழுந்தன் யுகேந்திரன் பசியாற உட்கார்ந்திருந்தான். அவன் தட்டுக்குப் பக்கத்தில் பெர்த் போவதற்கான மூன்று விண்ணப்பப் பாரங்கள் கிடந்தன. மோகனாவின் கணவர் ராமதாஸ் கையெழுத்துப் போட்டாயிற்று. மகன் தனேஷ் நேற்றே போட்டுவிட்டான். மோகனாவின் பெயர் அச்சடித்த பாரத்தில் மட்டும் கோடு வெறுமையாக இருந்தது. அவள் அடுப்படியில் நின்று தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"அண்ணி, சாயந்திரம் எனக்கு ஃபிளைட்டு. நாளைக்கு வக்கீல்கிட்ட குடுத்தாகணும். ஒரு கையெழுத்துதான் லா... அதுக்கு மூணு மாசமா கெஞ்ச வேண்டியிருக்கு."

"தோசை ஆறிடும் தம்பி. சாப்பிடுங்க" என்றாள் மோகனா.

மூன்று மாதமாக அவளிடமிருந்து வரும் பதில் இந்த மாதிரிதான். வேண்டாம் என்று ஒரு தரம் சொல்லிவிட்டாள். காரணம் கேட்டால், "எனக்கு இந்த ஊரு போதும்" என்பாள். இதை யார் ஒப்புக்கொள்வார்கள்? பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் மெக்கானிக்காக இருந்த ராமதாஸுக்கு, அவருடைய பிரிவை மூடிய பிறகு காவலாளி வேலைதான் கிடைத்தது. டிப்ளோமா முடித்த தனேஷ் மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான். மோகனா லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடை மாடியில் பிளவுஸ் தைக்கிறாள். மாதத்தின் கடைசி வாரத்தில் அந்த ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டில் மீன் வாசமே வராது. இப்படிப்பட்ட குடும்பத்துக்குத் தம்பியே பார்த்து வைத்த வேலையும் விசாவும் வாசல்வரை வந்து நிற்க, வீட்டுப் பெண்பிள்ளை வேண்டாம் என்கிறாள் என்றால், திமிர் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வார்கள்? சொன்னார்கள். பட்டர்வொர்த்தில் இருக்கும் நாத்தனார் குமுதா ஃபோனிலேயே சொன்னாள். மோகனாவுக்கு வலிக்கவில்லை. வலிக்கிற இடம் எப்போதோ மரத்துப்போயிருந்தது.

"ம்மா, அப்பாவக் கொஞ்சம் பாரு" என்றான் தனேஷ். "அம்பத்திரண்டு வயசுல பன்னெண்டு மணி நேரம் கேட்டுல நிக்கிறாரு. உனக்கு உன் தையல் மெஷினுதான் பெருசாப் போச்சு. நாங்க எப்படிப் போனா என்ன..."

மோகனா கல்லில் அடுத்த தோசையை ஊற்றினாள். ராமதாஸ் கோப்பியைக் குடிக்காமல் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜன்னலோரம் நின்றிருந்த பிரேமாதான் வாயைத் திறந்தாள். அவள் யுகேந்திரனின் மகள், பதினேழு வயது. இந்தோனேசியாவின் மேடானிலிருந்து வாழ வந்த அவள் அம்மா புஷ்பவள்ளி டெங்கிக் காய்ச்சலில் இறந்தபோது பிரேமாவுக்கு மூன்று வயது. கால் ஊன்றியதும் பிள்ளையைக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு அடுத்த வருடமே யுகேந்திரன் பெர்த்துக்குப் போனான். கால் நன்றாகவே ஊன்றியது. அங்கேயே இன்னொரு கல்யாணமும் நடந்தது. பிரேமா பெரியம்மாவின் கையிலேயே வளர்ந்தாள்.

பினாங்கில் பிறந்தும் அவளுக்கு ஐசி என்னும் அடையாள அட்டை கிடையாது. பிறப்புப் பத்திரத்திலேயே மலேசியக் குடிமகள் அல்ல என்று எழுதியிருந்தது. பன்னிரண்டு வயதில் வகுப்பே வரிசையில் நின்று ஐசி எடுத்தபோது இவள் ஒருத்தி மட்டும் வகுப்பறையில் உட்கார்ந்திருந்தாள். ஐசி இல்லாதவளுக்குக் கடப்பிதழ் ஏது, பெர்த் ஏது? அது வரும்வரை குமுதா வீட்டில் இருக்கட்டும் என்று பெரியவர்கள் பேசி வைத்திருந்தார்கள். பதிவிலாகாவுக்கு மூன்று தரம் மனுப் போட்டும் ஒன்றும் நடக்கவில்லை. ஆறாம் வகுப்போடு நின்றுவிட்ட மோகனா பாரத்தைத் தப்பும் தவறுமாக நிரப்பிவிட்டாள் என்பதுதான் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த காரணம். அதை முதலில் சொன்னவன் யுகேந்திரன். மோகனா இல்லை என்று மறுக்கவில்லை.

"போயிட்டு வாங்க பெரியம்மா" என்றாள் பிரேமா. "நான் அத்தை வீட்டுல இருந்துக்குவேன். பாரத்த ஒழுங்கா எழுதியிருந்தா நானும்தான் கூட வந்திருப்பேன்... இனிமே பேசி என்ன."

மோகனா அடுப்பை அணைத்தாள். வேறொரு நாளாக இருந்தால் இந்தச் சொல்லுக்கு ஒரு மூலையில் போய் அழுதிருப்பாள். இன்று கண்ணில் ஒன்றும் வரவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"விடும்மா" என்றார் ராமதாஸ் பிரேமாவிடம். "யுகேன், வேற என்ன வேணும்?"

"உங்க கல்யாணப் பத்திரம் அண்ணே. ஒரிஜினல் வேணும்."

"பிரேமா, அலமாரி மேல்தட்டுல ஃபைல்ல இருக்கும். எடுத்துட்டு வா."

"இரு, நான் எடுக்கறேன்" என்று மோகனா அடுப்படியிலிருந்து அவசரமாக வெளியே வந்தாள். ஆனால் அந்த வீட்டில் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் பத்து எட்டுகூடக் கிடையாது. பிரேமா உள்ளே போய்விட்டாள்.

ஒரு பத்திரம் எடுக்க இவ்வளவு நேரம் ஆகாது. தனேஷ் கூப்பிட்டுப் பார்த்தான். உள்ளேயிருந்து சத்தம் இல்லை. மோகனா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இனி தடுத்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பிரேமா இரண்டு ஃபைல்களோடு வந்தாள். ஒன்றைப் பெரியப்பா முன்னால் வைத்தாள். இன்னொன்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு யுகேந்திரனைப் பார்த்தாள்.

"அப்பா... இதுல பதிவிலாகா லெட்டர் மூணு இருக்கு. மூணுலயும் ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருக்காங்க. பெத்த அப்பா சத்தியப் பிரமாணம் செஞ்சு கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும்னு. பெரியம்மா எழுதுனதுல ஒரு தப்பும் இல்ல. எல்லாம் சரியா எழுதியிருக்காங்க. உங்க எடம் மட்டும்தான் காலியா இருக்கு."

ராமதாஸ் அந்தத் தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார்.

"போட்டுட்டேன்னு சொன்னியேடா. ஒவ்வொரு தடவையும் போட்டுட்டேன்னு சொன்னியே."

யுகேந்திரன் பிட்ட தோசையைத் தட்டிலேயே வைத்தான். "அண்ணே... பெர்த்துல என் பாரத்துல பிள்ளை இல்லன்னு எழுதிட்டேன். என் வைஃபுக்கும் தெரியாது. இங்க கையெழுத்துப் போட்டா எல்லாம் வெளிய வந்துடும்னு பயந்துட்டேன். ஒம்பது வருஷத்துக்கு முன்னாலயே அண்ணிகிட்ட ஃபோன்ல அழுதேன். அண்ணிதான்..."

அந்த நேரத்திலும் 'அண்ணிதான்' என்று ஆரம்பிக்க அவனால் முடிந்தது. யாரும் கேட்கவில்லை என்று கண்டு நிறுத்திக்கொண்டான்.

"நீ ஏன் சொல்லல மோகனா?" ராமதாஸின் குரல் உடைந்திருந்தது. "நான் எத்தனை தடவை உன்னைப் பேசியிருக்கேன்..."

"பெத்தவரே எழுதிக் குடுக்க மாட்டேன்னுட்டாருன்னு தெரிஞ்சுகிட்டு ஒரு பிள்ளை வளர்றதுக்கு, பெரியம்மா தற்குறின்னு நெனச்சுகிட்டு வளரட்டுமேன்னு இருந்துட்டேன்." கடைப் பையனிடம் பிளவுஸ் அளவு சொல்வதுபோல் சொன்னாள் அவள்.

"பெர்த் வேணாம்னதும் இதுக்குத்தானா?"

"கோர்ட்டுல எழுதிக் குடுத்த காப்பாளர் நான். கூப்பிட்டா நேர்ல போய் நிக்க வேண்டியவ நான்தான். இவளுக்கு இருபத்தொண்ணு வயசாயிட்டா இந்த வழியும் அடைஞ்சிடும். அதுக்கு இன்னும் நாலு வருஷம்தான் இருக்கு. நான் போயிட்டா இவளுக்காக யாருங்க போய் நிப்பா?"

தனேஷ் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். "ம்மா..." என்றான். பிரேமா அழுதுகொண்டே பெரியம்மாவை நோக்கி வந்தாள். மோகனா கையை நீட்டி அவளைத் தடுத்தாள்.

"இரு. முழுசையும் கேட்டுக்க. உங்கப்பா மேல மட்டும் பழியப் போட்டா அது பாவம்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"உங்கம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஐப்பசியில கோயில்ல வெச்சு தாலி கட்டியாச்சு. பதிவு பண்றதுக்கு மேடான்லேர்ந்து உங்கம்மாவோட பேப்பர் வரணும்னு காத்துகிட்டு இருந்தோம். வந்து சேந்தப்ப ஆடி பொறந்துடுச்சு. உங்கப்பா லீவு போட்டுட்டு, நாளைக்கே போய் ரெஜிஸ்டர் பண்ணிடறோம் அண்ணின்னு சொன்னாரு. நான்தான் வேணாம்னேன். நல்ல காரியத்துல ஆடியில கையெழுத்துப் போடக் கூடாது, ஆடி கழியட்டும்னேன். மூத்த மருமக சொல்றாளேன்னு எல்லாரும் கேட்டுகிட்டாங்க. தாலி ஏறியாச்சு, காகிதம் எங்க ஓடிப்போகுதுன்னு நெனச்சேன்."

அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஆடி கழியறதுக்குள்ள நீ வந்துட்ட. எட்டு மாசத்துலயே. நீ பொறந்து பதினேழாம் நாளுதான் கல்யாணத்தப் பதிவு பண்ணோம். பதிவுக்கு முன்னாடி பொறந்தவ, அதனால அம்மா பக்கம்தான்னு எழுதிட்டாங்க. அம்மா இந்த நாட்டுக்காரி இல்லியே. அந்தப் பதினேழு நாளும் என்னாலதான் பிரேமா."

பதினேழு வருடமாக அவள் ஒருத்தியே சுமந்தது இது. இது தன் குற்றம் என்று கணவனிடம்கூடச் சொன்னதில்லை. சொல்லி முடித்ததும் ஆறுதல் வரும் என்று நினைத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. கை கால் யாருடையதோ போல் இருந்தது.

ராமதாஸ்தான் முதலில் எழுந்தார். "யுகேன், கை கழுவு. சத்தியப் பிரமாண ஆணையர் ஆபீஸ் ஒம்பது மணிக்குத் தொறந்துடும். உனக்கு ஃபிளைட்டு சாயந்திரம்தானே?"

"அண்ணே, என் குடும்பமே..."

"இதுவும் உன் குடும்பம்தான். அங்க வீட்டுல சண்டை வரும், ஆபீஸ்ல கேள்வி கேப்பாங்க. கேக்கட்டும். இந்தப் பிள்ளை பன்னெண்டு வயசுலேர்ந்து எல்லார் கேள்விக்கும் பதில் சொல்லிகிட்டு நிக்கிது."

யுகேந்திரன் மகளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. வெகுநேரம் குழாயடியில் நின்று கையைக் கழுவினான். திரும்பி வந்தபோது அவன் கண்கள் சிவந்திருந்தன. அண்ணியின் முன்னால் வந்து நின்றான்.

"கையெழுத்து போட்டுடறேன் அண்ணி. இவளுக்கு ஐசி வரட்டும்... அப்புறம் இவளையும் கூட்டிகிட்டு எல்லாரும் அங்க வந்துடுங்க."

"ஐசி வந்தாலும் நான் வரல தம்பி."

ராமதாஸ் செருப்பில் நுழைத்த காலோடு திரும்பிப் பார்த்தார்.

"இவளுக்காகன்னு மட்டும் நெனச்சிடாதீங்க. இந்த ஊருல என்னை யாரும் நீ எந்த நாட்டுக்காரின்னு கேட்டதில்ல. ஆஸ்பத்திரி, பேங்கு, பள்ளிக்கூடம்னு போற எடமெல்லாம் இவளைத்தான் கேட்டாங்க. பக்கத்துல நின்னு கேட்டுகிட்டே இருந்தவ நான். அந்தக் கேள்விய இந்த வயசுல நானா தேடிப் போய் வாங்கிக்க மாட்டேன். கஷ்டம்தான். மீன் இல்லாட்டி கீரை. நீங்க போகணும்னா போங்க, தனேஷும் போகட்டும். நான் யாரையும் தடுக்கல."

ராமதாஸ் செருப்பிலிருந்து காலை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். மேசையிலிருந்த தன்னுடைய பாரத்தை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "கல்யாணப் பத்திரத்த உள்ள வெச்சிடு" என்று மனைவியிடம் சொன்னார். தனேஷ் தன் பாரத்தை அப்படியே விட்டுவைத்தான். அவன் போவான். அவன் வயசு அப்படி. ஆனால் வாசலில் செருப்பு மாட்டும்போது திரும்பி வந்து அம்மாவின் தோளைப் பிடித்து ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் போனான். லிஃப்ட் வேலை செய்யாததால் ஆண்கள் மூவரும் படியில் இறங்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

வீட்டில் இவர்கள் இருவர் மட்டும் மிஞ்சினார்கள். மோகனா எச்சில் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"திட்டணும்னா திட்டிடு பிரேமா" என்றாள் தட்டைப் பார்த்துக்கொண்டே. "மனசுல வெச்சுக்காத."

பிரேமா பக்கத்தில் வந்து அவள் கையிலிருந்த தட்டுகளை வாங்கிக் கீழே வைத்தாள்.

"நான் போங்க போங்கன்னேனே... நெசமாவே போயிடுவீங்களோன்னு மூணு மாசமா எனக்குத் தூக்கமே இல்ல." அவள் பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு ஆடியும் தெரியாது, ஆவணியும் தெரியாது. போகாதீங்க பெரியம்மா. என்னை விட்டுட்டு எங்கயும் போகாதீங்க."

இந்த மூன்று மாதத்தில் போ என்று சொல்லாதவர்கள் இல்லை. இரு என்று அவளிடம் கேட்டவள் இவள் ஒருத்திதான். மோகனா பிரேமாவின் தோளில் முகத்தைப் புதைத்தாள். இத்தனை நாள் வராத அழுகை வந்தது. அடுத்த வீட்டுக்குக் கேட்குமே என்றுகூட நினைக்காமல் அவள் வாய்விட்டு அழுதாள்.