கடைசியிலிருந்து மூன்றாவது வீடு

கதவைத் தட்டுவது மழை என்றுதான் சரத் முதலில் நினைத்தான்.

மறுபடி தட்டல். திறந்தான். வாசலில் ஒரு பெண். காற்றில் மடங்கிப்போன குடை, கழுத்தில் தொங்கும் சின்னக் கருவி, நனைந்த புருவம்... புருவத்துக்குக் கீழே மழைக்கு அஞ்சாத இரண்டு கண்கள்.

"லைட்டிங் பாக்க வந்துக்கிறேன் சார். கடைசியிலருந்து மூணாவது வீடுன்னாங்க. இதானே?"

ஸ்கெலட்டன் குடியிருப்பில், சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீடுகள் எல்லாம் ஒரே அச்சு. அவள் தேடுவது எதிர்க்கோடியிலிருந்து மூன்றாவது வீடு. துபாயிலிருந்து திரும்பிய டென்சில் புதுப்பிக்கப்போகிற வீடு. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"இதான். உள்ள வாங்க."

ஏன் அப்படிச் சொன்னான்? அவனுக்கே தெரியவில்லை. கதவை அகலத் திறந்து வைத்தான்.

"நான் மேகனா. ஆண்டர்சன்பேட்டை பெயிண்ட் கடை பெருமாள் பொண்ணு. பெங்களூர்ல லைட்டிங் டிசைனர்." உள்ளே வந்தவள் நின்றுவிட்டாள். "இன்னா சார் இது... பட்டப்பகல்ல சுரங்க ஷாஃப்டுக்குள்ள எறங்குன மாதிரி கீது! மேடம் திட்ட மாட்டாங்களா?"

"திட்டுவா."

பொய். ஆனால் சொன்னதும் வீட்டுக்குள் யாரோ நடமாடியது போல இருந்தது.

"எத்தன பல்பு வேணும்னு கேக்க மாட்டேன். யாரு எங்க உக்காருவாங்க, இன்னா பண்ணுவாங்க... அத சொல்லுங்க. வெளிச்சத்த நான் பாத்துக்கறேன்." கழுத்திலிருந்த கருவியைக் கண்ணாடிக்கு அருகே நீட்டி வெளிச்சத்தை அளந்தாள். "இங்க யாரு?"

"அவ. காலையில தலை பின்னுவா."

"அப்போ மேல லைட்டு வேணாம். மேலருந்து விழுந்தா கண்ணுக்குக் கீழ நெழலு கட்டும். அழுத மொகம் மாதிரி இருக்கும். கண்ணாடிக்கு ரெண்டு பக்கமும் வெக்கலாம். கட்டில்ல?"

"ராத்திரி படிப்பா. எனக்குத் தூக்கம் வராது. சண்டை வரும்."

அவள் சிரித்தாள். "இதுக்குப் போயி சண்டையா? புக்கு மேல மட்டும் விழற மாதிரி ஒரு லைட்டு. உங்க பக்கம் இருட்டாவே இருக்கும். தீந்துச்சு!"

தீர்ந்துவிட்டது. எத்தனை இரவுகள் முதுகைத் திருப்பிப் படுத்தான்... இவ்வளவுதானா?

"ஒண்ணு கேக்கட்டா சார்? வந்ததுலருந்து சுவத்தப் பாத்தே பேசறீங்க. நான் அவ்ளோ பயங்கரமாவா கீறேன்?"

"அப்பா சுரங்கத்துல, அண்டர்கிரவுண்டுல வேல பாத்தாரு. தலையில லைட்டு. நேரா பாத்தா எதிர்ல கீறவங்களுக்குக் கண்ணு கூசும்னு மூஞ்சியத் திருப்பிக்கினுதான் பேசுவாரு. வீட்டுலயும் அப்படியே. எனக்கும் ஒட்டிக்கிச்சு."

"உங்க தலையில லைட்டே இல்லியே..." என்றாள் மெதுவாக.

கைப்பேசி ஒலித்தது. "எங்கம்மா கீற? வாசல்லயே நிக்கிறேன். நான் டென்சில்."

அவள் கைப்பேசியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"இது அவரு வீடு இல்லியா?"

"இல்ல."

"தெரிஞ்சேதான் கூப்ட்டீங்களா?"

"ஆமா."

"இன்னா மனுஷன் சார் நீங்க! மேடத்தக் கூப்புடுங்க. அவங்ககிட்டயே கேக்கறேன்."

"நளினி இல்ல. போன ஆடியில... டெங்கு."

கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டியிருந்த பொட்டுகளை அப்போதுதான் பார்த்தாள். எல்லாவற்றின் மேலும் தூசி.

"அப்போ இவ்ளோ நேரம்... யாருக்கு லைட்டு வெச்சேன் நான்?" குரல் உடைந்தது. மடங்கிய குடையை எடுத்துக்கொண்டு நனைந்தபடியே போனாள்.

டென்சில் வீட்டில் வேலை தொடங்கியது. அவள் வருவதும் போவதும் அவன் ஜன்னலில் தெரிந்தது. அவன் வீட்டு வாசலைக் கடக்கும்போது மட்டும் குடை சாயும்... முகம் மறையும். அந்தச் சாய்வுக்காக ஜன்னலில் நிற்பதே அவன் வேலையாகிப்போனது. அது அவனுக்கே வெட்கமாக இருந்தது. நளினிக்குத் தெரிந்தால்... தெரிய வழியில்லை. அதுதான் கொடுமை.

ஒருநாள் இரண்டு விளக்குகள் வாங்கிவந்து கண்ணாடியின் இருபுறமும் மாட்டினான். நிழலே விழவில்லை. முகம் முகமாகத் தெரிந்தது. அவன் முகம் மட்டும். அணைத்துவிட்டான்.

டென்சில் வீட்டில் கடைசி விளக்கையும் மாட்டிய மாலை, அவன் மழையில் அங்கே நடந்தான். மேகனா வாசலில் குடையை விரித்துக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் கை நின்றது.

"மன்னிப்பு கேக்க வந்தீங்கன்னா வேணாம். யோசிச்சு யோசிச்சு நான் தூங்கவே இல்ல. செத்துப்போனவங்களுக்கு மொகம் நல்லா தெரியணும்னு... லூசு மாதிரி..."

"அவ போனப்புறம் எல்லாரும் எப்படி செத்தான்னுதாங்க கேட்டாங்க," என்றான் சுவரைப் பார்த்து. "அவ எங்க உக்காருவான்னு ஒருத்தரும் கேக்கல. நீங்கதான் கேட்டீங்க. அதான் பொய் சொன்னேன். இன்னும் கொஞ்ச நேரம் கேப்பீங்கன்னு..."

அவள் குடையைக் கீழே வைத்தாள்.

"எல்லா எடமும் அவங்களுதாவே சொன்னீங்க. அந்த வீட்டுல நீங்க எங்க உக்காருவீங்க?"

மனதுக்குள் அவன் வீட்டைச் சுற்றிவந்தான். தேடினான். கட்டில், கண்ணாடி, ஜன்னல்...

"ஜன்னல்ல. நீங்க போறத பாக்க. அவள மறக்கலீங்க. மறக்கவும் மாட்டேன். உங்களுக்குக் குடுக்க எங்கிட்ட வெளிச்சம்னு ஒண்ணும் இல்ல. ஆனா நீங்க அந்தப் பக்கமா போகாத நாளு... எனக்கு விடியவே இல்ல."

சொல்லிவிட்டுத் தலையைத் திருப்பினான். சுவரின் பக்கம் அல்ல. முதல்முறையாக, நேராக. மழையில் நனைந்த கண்களும் மழையில்லாமல் நனைந்த கண்களும் ஒன்றையொன்று பார்த்தன.

"கூசுதா?" என்றான்.

"கூசுது," என்றாள் மேகனா.

ஆனால் முகத்தைத் திருப்பவில்லை.