மாலை ஜெபத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி

அமிர்தராஜ் மதியத் தூக்கத்திலிருந்து எழுந்தபோது லிசி தமிழில் பேசவில்லை.

"கடுவா நெலிச்சி பொரமாங்க?" என்று காப்பியை நீட்டினாள். அவர் முகத்தைச் சுளித்தார். ஸ்ரீரங்கத்துப் பள்ளியில் முப்பத்தோரு வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவருக்கு வாய்த்த மனைவி. ழகரம் இன்றுவரை அவள் நாக்கில் ஏறியதில்லை. இப்போது மொத்தமும் போய்விட்டது போலிருக்கிறது. அவருக்குத் தலையின் இடது பக்கம் கல்லாகக் கனத்தது.

"ஒழுங்கா பேசத் தெரியலைன்னா வாய மூடிக்கிட்டு இரு" என்றார். அப்படிச் சொன்னதாகத்தான் நினைத்தார். தன் வாயிலிருந்து வந்ததும் உளறல்தான் என்பது அவருக்குத் தெரியவில்லை. லிசியின் கையிலிருந்து டம்ளர் விழுந்தது.

டிவியில் செய்தி வாசித்தவனும் உளறினான். காலண்டரில் எழுத்துகள் எறும்புகளாக நின்றன. எல்லோரும் மடையர்கள் என்ற பழைய எண்ணம் சற்று ஆறுதல் தந்தது. அதற்கடியில் பயம் இருந்தது; அதை ஒத்துக்கொள்ள அவருக்கு மனமில்லை.

லிசி வாசலில் நின்று போனில் அழுதுகொண்டிருந்தாள். உள்ளே அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து, சுர்ரென்று தீயை அணைத்தது. பிறகு மெல்லிய வேறொரு சீறல் நிற்காமல் கேட்டது. பாலைப் பார்க்கக்கூடத் துப்பில்லை என்று நினைத்தாரே தவிர எழுந்து போகவில்லை. ஜலதோஷத்தில் மூக்கு அடைத்திருந்தது.

இருட்டத் தொடங்கியது. மாதா கோயில் மணி அடித்தது. ஜெபமாலை நேரம். அவர் தொடங்கிவிட்டால் முடியும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. அது அந்த வீட்டுச் சட்டம். மனப்பாடமான ஜெபத்தை முணுமுணுத்துப் பார்த்தார். ஒவ்வொரு சொல்லும் முழுசாக வந்தது. கண் கலங்கியது. மிச்சமிருப்பது இது மட்டும்தான். இதையும் விட்டுவிடக் கூடாது.

லைட் போடப் போனார். லிசி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து கையைத் தட்டிவிட்டாள். ஜன்னல்களைத் திறந்தாள். அவரை வாசல் பக்கம் இழுத்தாள்.

என்ன துணிச்சல். உதறித் தள்ளினார்.

லைட் வேண்டாமா? மெழுகுவர்த்தி இருக்கிறது. மாதா படத்தின் கீழே தீப்பெட்டி.

லிசி காலைக் கட்டிக்கொண்டாள். ஒரே சொல். திரும்பத் திரும்ப.

"குருமெ. குருமெ. குருமெ."

விரலை உதட்டில் வைத்து அதட்டினார். ஜெபம் தொடங்கிவிட்டது. முதல் சொல். பிழையே இல்லை.

உரசினார்.

சுடர் நீலமாக எழுந்தது. சமையலறை வாசல் வரைக்கும் நீலமாக.